கோபாவா, டிப்ளமோவா?

நீலகிரியில் பத்தாம் வகுப்பு முடித்து கம்ப்யூட்டர் பக்கம் போக நினைப்பவர்களுக்கு இரண்டு வழி: ஐடிஐயில் கோபா (COPA, கம்ப்யூட்டர் ஆபரேட்டர் மற்றும் புரோகிராமிங் உதவியாளர் படிப்பு), அல்லது பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் டிப்ளமோ.

கோபா 1 வருடம். டைப்பிங், எக்செல், இணையப் பக்கம் வடிவமைப்பு, கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்ட். பச்சைத் தேயிலை விலை விழுந்த வருடம் வீட்டில் "சீக்கிரம் சம்பாதி" என்பார்கள். அப்போது இதுதான் கண்ணில் படும். இ-சேவை மையம், தேயிலை ஃபேக்டரி அலுவலகம், ஊட்டி ஓட்டல் வரவேற்பு மேசை என்று மலையிலேயே வேலை தேடலாம். ஆனால் "ஐடி வேலை" என்று நம்பிச் சேர்ந்தால் ஏமாற்றம்தான். இது ஆபரேட்டர் படிப்பு, சாஃப்ட்வேர் நிறுவனம் கேட்கும் தகுதி வேறு.

டிப்ளமோ 3 வருடம். புரோகிராமிங் ஆழமாக வரும், முடித்தால் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். வேலைக்குப் பெரும்பாலும் கோவைக்கு இறங்க வேண்டும். பெண் பிள்ளையை விடுதிக்கு அனுப்ப வீட்டில் யோசிக்கிறார்கள். மார்க்கை விட இதுதான் பல பேரைத் தடுக்கிறது.

பணம் பற்றி ஒன்று: அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் இரண்டுக்குமே உண்டு.

பக்கத்து வீட்டு அண்ணன் பெங்களூரில் இருக்கிறான் என்பதற்காக மட்டும் சேராதீர்கள். கணக்கு பிடிக்குமென்றால் டிப்ளமோ. உடனே சம்பளம் வேண்டுமென்றால், சரி, கோபா.