கட்டுக்குருந்த கார் ரேஸுக்கு ‘விஐபி பாஸ்’ வாங்க முதல் இதை வாசியுங்கள்

வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கத்து வட்ஸ்அப் குழுக்களில் களுத்துறைக்குக் கிட்ட இருக்கிற கட்டுக்குருந்தவில் நடக்கும் விடுமுறை நாள் கார் ரேஸுக்கு ‘பேக்கேஜ்’ என்று விளம்பரம் வந்தால் உடனே காசு கட்டிவிடாதீர்கள். நாங்கள் நான்கு பேருக்கு 26,000 ரூபாய் கட்டினோம். காசு மட்டும் போயிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

ஏசி வான், மதியச் சாப்பாடு, கூரைக்குக் கீழே கதிரை, கார்களைத் தயார்படுத்தும் ‘பிட்’ பக்கம் போய் அவற்றைக் கிட்டப் பார்க்கலாம். இவ்வளவும் விளம்பரத்தில் இருந்தன. மகனுக்கு 11 வயது, ஃபோர்முலா கார் என்றால் உயிர். நரேன் கார்த்திகேயன் 2005இல் ஜோர்டன் அணிக்காக ஃபோர்முலா வன் ஓடினார் என்று ஒருமுறை சொல்லிவிட்டேன். “தமிழ் ஆளா அப்பா?” என்று ஒரு கிழமை கேட்டுக்கொண்டே இருந்தான். அவனுக்காகத்தான் கட்டினேன்.

காசு போடச் சொன்னது ஒரு தனி ஆளின் வங்கிக் கணக்குக்கு. பற்றுச்சீட்டுக் கேட்டேன். “ஸ்கிரீன்ஷொட் இருந்தால் காணும் அண்ணா” என்றார். அங்கேயே விட்டிருக்க வேண்டும்.

வானில் ஏசி வேலை செய்யவில்லை, 14 பேர் இடத்தில் 19 பேர். சரி, ரேஸ் நாள்தானே என்று பொறுத்துக்கொண்டோம். வாசலில்தான் குட்டு வெளிப்பட்டது. பாஸ் என்று பேக்கேஜ்காரர் எங்கள் கைகளில் கட்டிவிட்ட காகிதப் பட்டியின் நீல மை வியர்வையில் கரைந்து மகனின் மணிக்கட்டெல்லாம் பரவியிருந்தது. வாசலில் நின்றவர் தன்னிடமிருந்த உண்மையான பட்டியை எடுத்துக் காட்டினார்: தடித்த பிளாஸ்டிக், ஒவ்வொன்றிலும் ஒரு இலக்கம். எங்களுடையதில் இலக்கமே இல்லை.

“அது பரவாயில்லை அண்ணா, இதைவிட நல்ல இடம் இருக்கு” என்று சொல்லி பேக்கேஜ்காரர் எங்களைச் சுற்றி அழைத்துப்போய் ஒரு வளைவின் வெளிப்பக்கத்தில் நிறுத்தினார். முன்னால் ஒரு நைலோன் கயிறு, அவ்வளவுதான்.

கட்டுக்குருந்த, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் கடற்படை வைத்திருந்த விமானத்தளம். உக்குஸ்ஸா என்று பெயர் வைத்திருந்தார்கள். விமான ஓடுபாதை என்பதால் நேர்ப்பாதையில் கார்கள் முழு வேகத்தில் வந்து கடைசியில்தான் பிரேக் பிடிக்கும். பிரேக் பிடிக்காமல் போனால் கார் நேரே போய் ஏறுவது வளைவின் வெளிப்பக்கத்தில்தான். சலூன் கார்களின் பயிற்சிச் சுற்றில் ஒன்று அப்படியே பிரேக்கில் டயர் சுழலாமல் இறுகி, வழுக்கிக்கொண்டு புல்லுக்குள் வந்தது. எங்களுக்கு முன்னால் ஒரு 15 மீட்டரில் நின்றது. பிய்ந்த புல்லும் மண்ணும் மகளின் சட்டையில். கொடி பிடிக்கும் அலுவலர் ஓடிவந்து, இது ஆட்கள் நிற்கிற இடமே இல்லை என்று சத்தம் போட்டு எங்களைப் பின்னால் அனுப்பினார். அந்த மனிதருக்கு நன்றி.

2024 ஏப்ரல் 21 தியத்தலாவையில் ரேஸ் கார் பார்வையாளர்களுக்குள் பாய்ந்து, ஒரு சிறுமி உட்பட 7 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகும் பிள்ளைகளைக் கொண்டுபோய் அப்படி ஒரு இடத்தில் நிறுத்தக் காசு வாங்குகிற மனதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

பிறகு வேலிக்கு இப்பால் பொதுசனத்தோடு நின்று ஃபோர்முலா கார்களைப் பார்த்தோம். சில்லுகள் வெளியே தெரிய, நிலத்தோடு ஒட்டிப் போகும் அந்தக் கார்களைப் பார்த்ததும் மகன் எல்லாவற்றையும் மறந்துவிட்டான். எனக்குக் கை நடுக்கம் நிற்கவில்லை.

பின்னேரம் வானும் இல்லை, ஆளின் ஃபோனும் இல்லை. கட்டுக்குருந்த ஸ்டேஷனில் ரயில் ஏறி வெள்ளவத்தைக்கு வந்தோம். கரையோர ரயில் அங்கே நிற்கும், போகிறவர்கள் அதிலேயே போகலாம். பாஸ் வாங்குவதானால் போட்டியை நடத்துகிறவர்களிடம் நேரே வாங்குங்கள்.

பொலிஸிலும், பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்திலும் முறைப்பாடு செய்திருக்கிறேன். அன்று அதே வானில் வந்த மற்ற 15 பேரும் இதைப் பார்த்தால், வங்கி ஸ்லிப்பையும் அந்தக் காகிதப் பட்டியையும் எறிந்துவிடாமல் வைத்திருங்கள். எல்லோரும் சேர்ந்து கொடுப்போம்.