பல்கூழ் ஸ்டெம் செல்: நொதியில் கரைப்பதா, துண்டு வைத்து வளர்ப்பதா?

பிடுங்கிய ஞானப்பல்லை உடைத்தால் கிடைக்கும் கூழ் (உள்ளே இருக்கும் மென்திசு) சின்னப் புழு அளவுதான். எலும்பு வளர்க்கும் வேலைக்கு அதிலிருந்து ஸ்டெம் செல்லை, அதாவது வேறு வகை செல்லாக மாறக்கூடிய செல்லை, பிரிக்க எந்த முறை சரி என்று குழம்புகிறவர்களுக்கு இது.

செலவு
நொதி: திசுவைக் கரைக்கும் கொலாஜனேஸ், டிஸ்பேஸ் இரண்டும் வாங்க வேண்டும், விலை கடிக்கும்.
துண்டு: பிளேடும் வளர்ப்பு ஊடகமும் (செல்லுக்கு உணவான திரவம்) போதும்.

நேரம்
நொதி: பல்கூழ் ஸ்டெம் செல்லை முதலில் பிரித்த குரோந்தோஸ் குழு 2000இல் செய்ததுபோல 37 டிகிரியில் ஒரு மணி நேரம் கரைத்து வடிகட்டினால் தனிச்செல்கள் அன்றைக்கே தட்டுக்குப் போய்விடும்.
துண்டு: செல்கள் தாமாக ஊர்ந்து வெளியே வர ஒரு வாரம், சில நேரம் இரண்டு.

கைப்பக்குவம்
நொதி: நேரம் தவறினால் செல்லே சாகும்.
துண்டு: கூழை 1-2 மில்லிமீட்டராக நறுக்கி, துண்டு நனையும் அளவுக்கு மட்டும் ஊடகம் விட வேண்டும். நான் முதல் தடவை தாராளமாக ஊற்றிவிட்டு மறுநாள் பார்த்தால் எல்லாம் மிதக்கிறது, ஒட்டாத துண்டிலிருந்து ஒன்றும் வராது!

எலும்பாக்கத்தில் இரண்டுமே தேறும். செல்லை எலும்பாகத் தூண்டும் டெக்ஸாமெத்தசோன், அஸ்கார்பிக் அமிலம், பீட்டா கிளிசரோபாஸ்பேட் கொடுத்து மூன்று வாரம் கழித்து அலிசரின் சாயம் போட்டால் சுண்ணாம்புப் படிவு சிவப்பாகத் தெரியும்.

காலனி (ஒரே செல்லிலிருந்து வளர்ந்த கூட்டம்) எண்ண வேண்டும், செல் சீக்கிரம் வேண்டும் என்றால் நொதி. பணம் குறைவு, பொறுமை உண்டு என்றால் துண்டு. அப்புறம், எந்த முறையானாலும் பல்லை உடைக்கும்போது சூடேற விடாதீர்கள்.