சிமெண்டுக் களத்தில் இரவு ஹாக்கி: ஒளிரும் வட்டுக்கு எது சரி?

ஈரோட்டு மஞ்சள் தோட்டங்களிலும் பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளிலும் சிமெண்டுக் களங்கள் உண்டு. மாசி, பங்குனியில் வேகவைத்த மஞ்சள் காயும். காலியாகக் கிடக்கும் நாட்களில் ஸ்கேட் கட்டி ஹாக்கி ஆட அதைவிடத் தோதான தரை ஊர்ப்புறத்தில் கிடைக்காது. பகலில் சிமெண்டு கொதிப்பதால் ஆட்டம் பொழுது சாய்ந்த பிறகுதான். அப்போது ‘பக்’ எனப்படும் வட்டு கண்ணுக்குத் தெரிந்தாக வேண்டும். அதற்கு நான்கு வழிகள் இருக்கின்றன: கடையில் விற்கும் மின்னும் வட்டு, லைட் ஸ்டிக் செருகிய வட்டு, ஒளிர்பொடி வட்டு, பேட்டரி வட்டு.

முதலில் அளவு. பனித்தரையில் ஆடும் வட்டு 76 மி.மீ. விட்டம், 25 மி.மீ. தடிமன், 156 முதல் 170 கிராம் எடை கொண்ட கறுப்பு ரப்பர். சூடான ரப்பர் துள்ளும் என்பதால் அதை உறைய வைத்துத்தான் ஆட்டத்துக்கு எடுப்பார்கள். சித்திரை மாதத்துச் சிமெண்டு இரவு எட்டு மணிக்கும் வெதுவெதுப்பாகவே இருக்கும். அதில் ரப்பர் வட்டு பிடித்து நின்று, விளிம்பில் எழுந்து உருளும். ஆகவே நமக்கு வேண்டியது கெட்டியான, லேசான, இரு முகத்திலும் நைலான் குமிழ் பதித்த வட்டு. கெட்டித்தன்மையைக் குறிக்கும் ஷோர் ஏ அளவில் 80க்குக் குறையாத பாலியூரித்தேனில் (திரவமாக ஊற்றி இறுகவைக்கும் பிளாஸ்டிக்) இந்த அளவுக்கு வார்த்தால் சுமார் 124 கிராம் வரும். சக்கர ஸ்கேட் ஆட்டத்துக்கு அது பொருத்தமான எடை.

கடையில் விற்கும் மின்னும் வட்டுதான் மலிவு. ஆனால் ஆட்டத்துக்கு நான்கிலும் மோசமானது அதுவே. உள்ளே ஒரு ஸ்பிரிங் சுவிட்ச் இருக்கும். அடிபட்டால் எல்இடி விட்டுவிட்டு மின்னும், நின்றால் அணையும். நல்ல அடியில் வட்டு நொடிக்கு 15 மீட்டர் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கால் நொடி இருட்டு என்றாலும் அதற்குள் நாலு மீட்டர் தாண்டிவிடும். கோல் காப்பவர் முன்பு ஓரிடத்தில் பார்த்ததை வேறோரிடத்தில் தேடுவார். அது முகத்தில் அடிக்கவும் கூடும். விட்டுவிட்டு மின்னும் எதையும் ஆட்டத்துக்கு எடுக்காதீர்கள்.

மீன்பிடி சாமான் கடையில் கிடைக்கும் சிறு லைட் ஸ்டிக், 4.5 மி.மீ. கனமும் 4 செ.மீ. நீளமும் இருக்கும். தெளிந்த வட்டின் பக்கவாட்டில் துளையிட்டுச் செருகினால் வேலை முடிந்தது. சூட்டில் உள்ளே நடக்கும் வேதிவினை வேகமாகும்; கோடையில் வெளிச்சம் கூடும், நேரம் குறையும். ஒருமுறை முறித்தால் அவ்வளவுதான், இரவுக்கு ஒன்று குப்பைக்குப் போகும். திருவிழா நாளில் ஒரே ஒரு ஆட்டம் என்றால் இது போதும். குழாய் உடைந்து திரவம் கண்ணில் பட்டால் எரியும் என்பதால் சின்னப் பிள்ளைகளிடம் தர வேண்டாம்.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும் இடையில்தான்.

ஒளிர்பொடி என்றால் ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட், வெளிச்சத்தை வாங்கி வைத்து இருட்டில் ஒளிரும் பொடி. பச்சை ஒளி தருவதைக் கேட்டு வாங்குங்கள். பழைய துத்தநாக சல்பைடுப் பொடி இருட்டில் சீக்கிரம் மங்கிவிடும். பேட்டரி, ஒயர் எதுவும் இல்லாததால் இந்த வட்டில் கெட்டுப்போக ஒன்றுமில்லை. எடையில் கால் பங்கு பொடி சேர்த்து வட்டு முழுவதையும் வார்த்தால் 150 கிராமுக்கு ஏறிவிடும். பணமும் வீண், ஏனென்றால் வெளிப்பக்கத்துச் சில மில்லிமீட்டர் தரும் ஒளிதான் கண்ணுக்கு வரும். நடுப்பகுதியைச் சும்மா வார்த்து, சுற்றிலும் 4 மி.மீ. மட்டும் பொடிக் கலவை ஊற்றுவதே முறை. பொடி கனமானது, கலவை இறுகும் முன் அடியில் தங்கிவிடும். ஒரு முகம் பிரகாசமாகவும் மறுமுகம் மங்கலாகவும் அமையும். கலவை கெட்டியாகத் தொடங்கும் நேரத்தில் ஊற்றினால் இது குறையும்.

இதன் குறை வெளிச்சம் இறங்கும் விதத்தில் இருக்கிறது. புறஊதா டார்ச்சை ஒரு நிமிடம் காட்டினால் பளிச்சென்று எரியும். முதல் கால் மணி நேரத்திலேயே பெரும்பகுதி இறங்கிவிடும். பிறகு மணிக்கணக்கில் மங்கலாக நிற்கும். நிலவில்லாத இரவில் அந்த மங்கல் போதும். பக்கத்தில் தெருவிளக்கு இருந்தால் போதாது. இரண்டு வட்டு செய்து, ஒன்று ஆடும்போது மற்றதை டார்ச்சின் கீழ் வைத்து மாற்றிக்கொள்ள வேண்டும்.

பேட்டரி வட்டு அதே வெளிச்சத்தை ஆட்டம் முடியும்வரை தரும். பலர் சிஆர்2032 பொத்தான் செல்லை ஹோல்டரில் வைத்துத் தொடங்குவார்கள். அங்குதான் தோற்கிறது. ஒவ்வொரு அடிக்கும் ஹோல்டரின் தகடு ஒரு கணம் விலகும், விளக்கு துடிக்கும், சில நாளில் தகடு தளர்ந்து அணைந்தே போகும். தவிர 3 வோல்ட் செல்லுக்கும் பச்சை எல்இடி கேட்கும் 3 வோல்ட்டுக்கும் இடைவெளியே இல்லை. செல் சற்று இறங்கியதும் ஒளி மங்கும்.

சரியான வழி, இணைப்புத் தகடு ஏற்கெனவே பற்றவைத்த எல்ஐஆர்2450 செல். 3.6 வோல்ட், சுமார் 120 மில்லி ஆம்பியர் மணி, திரும்பச் சார்ஜ் ஆகும். விளிம்பைச் சுற்றி ஆறு பச்சை எல்இடிக்களை வெளிப்பக்கம் பார்க்க வைத்து, ஒவ்வொன்றுக்கும் 220 ஓம் ரெசிஸ்டர் போட்டால் மொத்தம் 30 மில்லி ஆம்பியர் அளவில் ஓடும். நாலு மணி நேரம் நிற்கும். மென்மையான பை வடிவ லித்தியம் பேட்டரி வேண்டவே வேண்டாம், அடிபட்டு உப்பினால் தீப்பிடிக்கும்.

ஒயர் செருகாமலே சார்ஜ் வாங்கும் கம்பிச் சுருளை ஒரு முகத்துக்கு 3 மி.மீ. உள்ளே வையுங்கள், ஓட்டை விட்டால் களத்துத் தூசி அடைக்கும். இங்கே ஒரு சிக்கல். டிபி4056 சார்ஜர் பலகை கடையில் வரும்போது 1 ஆம்பியருக்கு அமைந்திருக்கும். இந்தச் சின்னச் செல்லுக்கு அது கொல்லும் அளவு. மின்னோட்டத்தை நிர்ணயிக்கும் 1.2 கிலோ ஓம் ரெசிஸ்டரை எடுத்துவிட்டு 20 கிலோ ஓம் பற்றவையுங்கள், 60 மில்லி ஆம்பியருக்கு வந்துவிடும். அதீதமாக வடியாமல் காக்கும் சுற்று சேர்ந்த பலகையாகவே வாங்குங்கள்.

செல், பலகை, ஒயர் எல்லாம் முதலில் கெட்டியான எபாக்ஸியில் ஒரு சிறு வில்லையாக உறைய வேண்டும். ஒயருக்குக் கொஞ்சம் தளர்வு விடுங்கள், இழுத்துக் கட்டினால் பற்றவைத்த இடம்தான் முதலில் விடும். பிறகு அந்த வில்லையைச் சுற்றித் தெளிந்த பாலியூரித்தேன். ஒரே ஊற்றாக ஊற்றினால் இறுகும்போது வரும் சூடு செல்லைக் கெடுக்கும். பாதி பாதியாக ஊற்றுங்கள். வில்லை நடுவில் இல்லாவிட்டால் வட்டு ஒருபக்கம் சாய்ந்தே ஓடும். கோவை கணபதி, ஆவாரம்பாளையம் பக்கத்து லேத் பட்டறைகளில் அலுமினிய அச்சு கடைந்து வாங்கி, மெழுகு பூசிப் பயன்படுத்தலாம்.

இரண்டு வட்டுக்கும் பொதுவான எதிரி ஈரம். பாலியூரித்தேன் இறுகும் முன் ஈரம் பட்டால் வாயு கிளம்பிக் குமிழி குமிழியாகும், அந்த இடத்தில் வட்டு விண்டுபோகும். ஐப்பசி, கார்த்திகை மழை நாளில் வார்க்காதீர்கள். தை, மாசி வறட்சியில் வாருங்கள். பொடியையும் ஊற்றும் முன் சூடேற்றி உலர்த்துங்கள். இறுகாத பாலியூரித்தேனின் ஆவி நெஞ்சுக்கு ஆகாது; கையுறை போட்டு, தகுந்த முகமூடி அணிந்து, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள்.

வாரம் இரண்டு மூன்று இரவு ஆடும் குழுவுக்கு எங்கள் தேர்வு பேட்டரி வட்டு. பள்ளிப் பிள்ளைகள் தாங்களே வார்த்துப் பழக ஒளிர்பொடி வட்டு. எதுவானாலும் வேலியில்லாக் களத்தில் வட்டு பக்கத்து மஞ்சள் காட்டுக்குள் போகத்தான் செய்யும். ஒளி தெரிகிறதே என்று செடிக்குள் வெறுங்கையை விட வேண்டாம். டார்ச் அடித்துத் தரையைப் பார்த்து, ஹாக்கி மட்டையால் வெளியே தள்ளி எடுங்கள். வாய்க்கால் ஓரத்தில் பாம்பு இருக்கும்.