ரிக்வெஸ்ட்ஸா, எச்டிடிபிஎக்ஸா, ஏஐஓஎச்டிடிபியா: சர்வர் பதில் சொல்லலன்னா எது என்ன பண்ணுது?

நைட்டு 2 மணிக்கு ஓடுற ஒரு சின்ன பைத்தான் ஸ்கிரிப்ட் என்கிட்ட இருந்துச்சு. ஒரு சப்ளையரோட சர்வர்லேர்ந்து விலைப்பட்டியல எடுத்து நம்ம டேட்டாபேஸ்ல போடணும், அவ்ளோதான் அதோட வேலை. ஒரு நாள் காலைல 10 மணிக்கு வந்து பாத்தா எந்த விலையும் மாறல. லாக்ல எரர் எதுவும் இல்ல, ப்ராசஸ் உயிரோடதான் இருக்கு, ஆனா எட்டு மணி நேரமா ஒரே வரில நிக்குது. அந்த வரி, வேற சர்வர்கிட்ட டேட்டா கேக்கற ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரியோட கெட் கால், டைம்அவுட் (இவ்ளோ நேரம் காத்திரு, அதுக்கு மேல விட்டுடுங்கற கெடு) போடாம நான் எழுதினது. அந்தப் பக்கம் சர்வர் கனெக்‌ஷன ஏத்துக்கிட்டு பதிலே அனுப்பல, இந்தப் பக்கம் ஸ்கிரிப்ட் வரும் வரும்னு உக்காந்திருக்கு.

அதுக்கப்புறம் லைப்ரரிகள ஒப்பிடும்போது நான் மொதல்ல பாக்குற விஷயமே மாறிடுச்சு. கோடு எவ்ளோ அழகா இருக்கு, எத்தன வரி மிச்சம் ஆகுதுங்கறதெல்லாம் அப்புறம். நாம ஒன்னுமே சொல்லாம விட்டா, சர்வர் சொதப்புற நேரத்துல இது தானா என்ன முடிவெடுக்கும்? அத வச்சுத்தான் பைத்தான்ல ரிக்வெஸ்ட் அனுப்ப உதவுற யூஆர்எல்லிப், ரிக்வெஸ்ட்ஸ், எச்டிடிபிஎக்ஸ், ஏஐஓஎச்டிடிபின்னு நாலு லைப்ரரியையும் இங்க பாக்கப் போறேன்.

மொதல்ல பைத்தானோடயே வர்ற யூஆர்எல்லிப், இத சீக்கிரம் முடிச்சிடலாம். எதையும் இன்ஸ்டால் பண்ண முடியாத மெஷின்ல ஒரே ஒரு ரிக்வெஸ்ட் அனுப்பணும்னா இது போதும். ஆனா ஜேசான் (டேட்டாவ எழுத்தா எழுதி அனுப்புற ஒரு வடிவம்) அனுப்பணும்னா நீங்களே பைட்ஸா மாத்திக் குடுக்கணும், வர்ற பதிலும் பைட்ஸாதான் வரும், ஒவ்வொரு தடவையும் புது கனெக்‌ஷன் தொறந்து மூடும். டைம்அவுட்டும் நாம போட்டாதான் உண்டு. ஒரு நல்ல குணம் இருக்கு, 404 (பக்கம் கிடைக்கல) அல்லது 500 (சர்வர் கோளாறு) வந்தா உடனே எக்ஸப்ஷன், அதாவது எரர் தூக்கும். மத்த மூனும் அப்படி இல்ல, 500 வந்தாலும் "பதில் வந்துருச்சு"ன்னு அமைதியா கைல குடுத்துடும், நாமதான் ரெய்ஸ் ஃபார் ஸ்டேட்டஸ் கூப்பிட்டு செக் பண்ணனும். இத மறந்து எரர் பேஜோட எச்டிஎம்எல்ல டேட்டாபேஸ்ல சேத்து வச்ச கோடெல்லாம் நான் ரிவ்யூல பாத்திருக்கேன். பைத்தானோட அதிகாரப்பூர்வ டாக்குமெண்டேஷனே யூஆர்எல்லிப் பக்கத்துல, வசதியா வேணும்னா ரிக்வெஸ்ட்ஸ் பாருங்கன்னுதான் சொல்லுது.

அந்த ரிக்வெஸ்ட்ஸ் 2011ல கென்னத் ரீட்ஸ் வெளியிட்டது. மனுஷங்களுக்கான எச்டிடிபின்னு அவங்க போட்டுக்கிட்ட வரி உண்மைதான், பைத்தான் கத்துக்குற நெறைய பேர் மொத ரிக்வெஸ்ட்ட இதுலதான் அனுப்பியிருப்பாங்க. உள்ள கனெக்‌ஷன் வேலையெல்லாம் பாக்குறது யூஆர்எல்லிப்3ன்னு வேற ஒரு லைப்ரரி, பேர் ஒன்னா இருக்கேன்னு மேல சொன்னதோட குழப்பிக்காதீங்க, இது பைத்தானோட வராது. ரிக்வெஸ்ட்ஸ்ல எனக்குப் பிடிச்சது செஷன், அதாவது ஒரு தடவ தொறந்த இணைப்ப மறுபடி மறுபடி பயன்படுத்துறது. ஒரே சர்வருக்கு நெறைய ரிக்வெஸ்ட் போகுதுன்னா தனித்தனியா கெட் கெட்னு கூப்பிடாதீங்க, ஒரு செஷன் தொறந்து அதுல அனுப்புங்க. ஏன்னு ஒரு கணக்கு போட்டுப் பாருங்க: சர்வர் தூரத்துல இருக்கு, போய் வர 200 மில்லிசெகண்ட் ஆகுதுன்னு வைங்க. புது கனெக்‌ஷன்னா டிசிபி இணைப்பு போட ரெண்டு பக்கமும் கைகுலுக்க ஒரு சுத்து, பாதுகாப்பா பேச குறியாக்கம் செட் பண்ற டிஎல்எஸ் 1.3க்கு ஒரு சுத்து, அப்புறம்தான் நம்ம ரிக்வெஸ்ட்டுக்கு ஒரு சுத்து, ஆக 600. செஷன்ல பழைய கனெக்‌ஷன் தொறந்தே இருந்தா வெறும் 200. நூறு ரிக்வெஸ்ட்னா ஒரு நிமிஷம் எடுக்கறது 20 செகண்ட்ல முடியும், லைப்ரரிய மாத்தவே வேணாம்.

ஆனா டிஃபால்ட்டா டைம்அவுட் கிடையாது, எட்டு மணி நேரம் நின்ன கதை அதுதான். சரி, டைம்அவுட் 10 போட்டாச்சு, நிம்மதியான்னா அதுவும் முழுசா இல்ல. அந்த 10 மொத்த நேரம் கிடையாது, கனெக்ட் ஆக 10, அப்புறம் ஒரு துண்டு டேட்டாவுக்கும் அடுத்த துண்டுக்கும் நடுவுல 10. சர்வர் ஒம்போது செகண்டுக்கு ஒரு தடவ ஒரு பைட்ட சொட்டு சொட்டா விட்டுட்டே இருந்தா டைம்அவுட் அடிக்கவே அடிக்காது.

இன்னொரு விஷயம், தமிழ் கன்டென்ட் எடுக்குறவங்க எல்லாருக்கும் வர்ற தலைவலி. ஒரு தமிழ் பேஜ ரிக்வெஸ்ட்ஸ்ல எடுத்து டெக்ஸ்ட் ப்ரிண்ட் பண்ணா சில சைட்டுக்கு ஒழுங்கா வரும், சிலதுக்கு மேல கோடு போட்ட இங்கிலீஷ் ஏ, பக்கத்துல வட்டத்துக்குள்ள ஆர், திரும்ப கோடு போட்ட ஏன்னு வரிசையா கொட்டும். காரணம் இதுதான்: சர்வர் இது டெக்ஸ்ட்னு மட்டும் சொல்லி என்ன என்கோடிங்னு (எழுத்த பைட்டா மாத்துற முறை) ஹெடர்ல சொல்லலன்னா, ரிக்வெஸ்ட்ஸ் பழைய எச்டிடிபி விதிப்படி ஐஎஸ்ஓ 8859-1ன்னு எடுத்துக்கும். அதுல ஒரு பைட்டுக்கு ஒரு எழுத்து. யூடிஎஃப்-8ல தமிழோட ஒவ்வொரு குறிக்கும் மூனு பைட், "தமிழ்"ங்கற சொல்லுல த, ம, இகரக் குறி, ழ, புள்ளின்னு அஞ்சு குறி இருக்கு, ஆக 15 பைட், 15 குப்பை எழுத்து. எல்லாம் ஒரே மாதிரி தொடங்க காரணம், தமிழுக்கு மொத பைட் எப்பவும் ஒன்னேதான். டெக்ஸ்ட் எடுக்கறதுக்கு முன்னாடி ரெஸ்பான்ஸோட என்கோடிங் யூடிஎஃப்-8னு ஒரு வரி போட்டா சரியாயிடும். டேட்டாபேஸ் கோளாறுன்னு நெனச்சு டேபிளையெல்லாம் மாத்தி அல்லாடுறவங்களப் பாத்தா மனசு கஷ்டமா இருக்கும், பிரச்சனை அதுக்கு ரெண்டு படி முன்னாடியே நடந்து முடிஞ்சிருக்கும்.

எச்டிடிபிஎக்ஸ் இதே எடத்துல என்கோடிங் சொல்லலன்னா யூடிஎஃப்-8னு எடுத்துக்கும். பைத்தான் வெப் உலகத்துல பிரபலமான ஜாங்கோ ரெஸ்ட் ஃப்ரேம்வொர்க் குடுத்த டாம் கிறிஸ்டிதான் இதையும் ஆரம்பிச்சவர். எழுதுற விதம் கிட்டத்தட்ட ரிக்வெஸ்ட்ஸ் மாதிரியே இருக்கும், ஆனா டிஃபால்ட்ல ரொம்ப வித்தியாசம். நீங்க ஒன்னுமே சொல்லலன்னாலும் அஞ்சு செகண்ட் டைம்அவுட் இருக்கு, கனெக்ட், ரீட், ரைட், பூல் (இருக்கற இணைப்புகள்ல எடம் கெடைக்க காத்திருக்கறது)னு நாலுக்கும் தனித்தனியா மாத்தலாம். என்னோட அந்த ஸ்கிரிப்ட் இதுல இருந்திருந்தா ராத்திரி 2 மணி தாண்டி அஞ்சாவது செகண்ட்லயே எரர் அடிச்சு லாக்ல ஏறியிருக்கும். சாதாரணமாவும் எழுதலாம், அசிங்க்காவும் (ஒன்னுக்காக காத்திருக்கும்போதே மத்த வேலையும் நடக்கற மாதிரி) எழுதலாம், எச்டிடிபி 2வும் வேணும்னா சேத்து இன்ஸ்டால் பண்ணிக்கலாம், ரிக்வெஸ்ட்ஸ்ல அது இல்ல.

ஒரு எச்சரிக்கை, ரிக்வெஸ்ட்ஸ்லேர்ந்து இதுக்கு மாறும்போது இம்போர்ட் வரிய மட்டும் மாத்திட்டு போயிடாதீங்க. ரிக்வெஸ்ட்ஸ்ல கெட் பண்ணா 301, 302 ரீடைரக்ட்ட (பக்கம் வேற முகவரில இருக்குங்கற பதில) தானா பின்தொடரும், எச்டிடிபிஎக்ஸ் தொடராது, நீங்கதான் ஆன் பண்ணனும். அத விட்டுட்டா நம்ம டேட்டா இல்லாத வெறும் 301 கைக்கு வரும், கோடு தேமேன்னு ஓடும்.

ஏஐஓஎச்டிடிபி முழுக்க அசிங்க் மட்டும்தான், கிளையண்டோட சேத்து சர்வரும் அதுலயே இருக்கு. ரெண்டாயிரம் லிங்க்க ஒரே நேரத்துல செக் பண்ணனும்ங்கற மாதிரி வேலைக்கு நான் இதத்தான் எடுப்பேன். எச்டிடிபிஎக்ஸும் அசிங்க்தானே, ஏன் இதுன்னு கேப்பீங்க. ரெண்டுலயும் ஒரு நேரத்துல டிஃபால்ட்டா 100 கனெக்‌ஷன்தான். ரெண்டாயிரத்தையும் ஒன்னா அவுத்து விட்டா எச்டிடிபிஎக்ஸ்ல 101வது ஆள் கனெக்‌ஷனுக்கு வரிசைல நிப்பான், அஞ்சு செகண்டுக்குள்ள எடம் கெடைக்கலன்னா பூல் டைம்அவுட்னு எரர் வரும். சர்வர் மேல தப்பே இருக்காது, நம்ம வரிசைதான் நீளம். ஏஐஓஎச்டிடிபில ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் மொத்தமா அஞ்சு நிமிஷம், வரிசைல நிக்கிற நேரமும் அதுல அடக்கம், அதனால பொறுமையா நகரும். மேல சொன்ன சொட்டு சொட்டா விடுற சர்வரையும் இந்த மொத்த நேரக் கணக்குதான் வெட்டும், ஏன்னா இது துண்டுக்குத் துண்டு பாக்கற கணக்கு இல்ல. எதுவா இருந்தாலும் செமஃபோர் (ஒரே நேரத்துல எத்தன பேர உள்ள விடலாம்னு பாக்குற பூட்டு) போட்டு ஒரு நேரத்துல 20, 30னு கட்டுப்படுத்துங்க, அந்தப் பக்கம் இருக்கறதும் யாரோ ஒருத்தர் காசு குடுத்து ஓட்டுற சர்வர்தான். 429 (ரொம்ப அடிக்கடி கேக்கறீங்கங்கற பதில்) வந்தா ரீட்ரை ஆஃப்டர் ஹெடர்ல எவ்ளோ நேரம் சொல்லியிருக்கோ அவ்ளோ நேரம் நில்லுங்க.

அசிங்க் ஃபங்ஷனுக்குள்ள ரிக்வெஸ்ட்ஸ் கூப்பிடறத மட்டும் செய்யவே செய்யாதீங்க. அந்த ஒரு கால் முடியற வரைக்கும் எல்லா அசிங்க் வேலையையும் மாத்தி மாத்தி ஓட்டுற ஈவன்ட் லூப் மொத்தமும் நின்னுடும், நூறு யூசர் இருந்தா நூறு பேரும் காத்திருப்பாங்க.

திரும்ப ட்ரை பண்ற விஷயத்துல எனக்கு இன்னும் ரிக்வெஸ்ட்ஸ்தான். யூஆர்எல்லிப்3யோட ரீட்ரைய செஷன்ல மாட்டிட்டா எத்தன தடவ, எந்த ஸ்டேட்டஸ் கோடுக்கு, நடுவுல எவ்ளோ இடைவெளின்னு எல்லாம் சொல்லலாம், ரீட்ரை ஆஃப்டரையும் மதிக்கும். எச்டிடிபிஎக்ஸ்ல கூடவே வர்ற ரீட்ரை கனெக்ட் ஆகலன்னா மட்டும்தான், சர்வர் இப்ப தயாரா இல்லங்கற 503க்கெல்லாம் நாமளே எழுதணும். யூஆர்எல்லிப்3 போஸ்ட்ட (டேட்டா அனுப்புற ரிக்வெஸ்ட்ட) டிஃபால்ட்டா ரீட்ரை பண்ணாது, அத வேணும்னே அப்படி வச்சிருக்காங்க: பதில் வரலன்னா ஆர்டர் போய்ச் சேரலன்னு அர்த்தம் இல்ல, போய்ச் சேந்து பதில் மட்டும் வழில தொலைஞ்சிருக்கலாம், திரும்ப அனுப்பினா ரெண்டு ஆர்டர் விழும்.

அந்த விலைப்பட்டியல் ஸ்கிரிப்ட் இப்பவும் ரிக்வெஸ்ட்ஸ்லதான் ஓடுது. செஷன் போட்டாச்சு, கனெக்டுக்கு 3, ரீடுக்கு 20, மூனு தடவ ரீட்ரை, அதுக்கு மேல, குறிச்ச நேரத்துல ஸ்கிரிப்ட்ட ஓட்டுற கிரான்லயே மொத்தம் பத்து நிமிஷம் தாண்டினா கொன்னுடுன்னு ஒரு வரி. புதுசா ஆரம்பிக்கறதெல்லாம் எச்டிடிபிஎக்ஸ்.