ஜெர்மனியில் ஒரு செமஸ்டர்: விடுதியா, வேகேயா?

ஜெர்மனிக்கு ஒரே ஒரு செமஸ்டர் போகிறவர்களுக்குக் கையில் இருக்கும் காலம் ரொம்பக் குறைவு. குளிர்காலப் பருவம் ஏட்டளவில் அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை. வகுப்புகள் பெரும்பாலும் அக்டோபர் நடுவில்தான் தொடங்கும், பிப்ரவரி முதல் பாதியில் முடிந்துவிடும். நடுவே கிறிஸ்துமஸ் விடுமுறை வேறு. மிஞ்சுகிற அந்த மாதங்கள் எப்படிப் போகும் என்பது எடுத்த பாடங்களைவிடத் தங்கும் வீட்டைப் பொறுத்தது. அதனால் இதை வெறும் வாடகைக் கணக்காகப் பார்க்கக் கூடாது என்பது என் கட்சி.

முக்கியமான வழிகள் இரண்டு. ஒன்று, மாணவர் நல அமைப்பு நடத்தும் விடுதி. மென்சா எனப்படும் பல்கலைக்கழக உணவகத்தை நடத்துவதும் அதே அமைப்புதான். மற்றது வேகே. சிலர் சேர்ந்து ஒரு வீட்டை எடுத்து, ஆளுக்கு ஓர் அறை, சமையலறையும் குளியலறையும் பொது என்று வாழும் ஏற்பாடு.

வந்து இறங்குகிற சுலபத்தில் விடுதியை அடிக்க ஆளில்லை. கட்டில், மேசை, அலமாரி எல்லாம் அறையிலேயே இருக்கும். போர்வை, தலையணை, பாத்திரம் மட்டும் பெரும்பாலும் நாம்தான் வாங்க வேண்டும். அதைவிட முக்கியம் காகித வேலை. குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். அதற்கு வீடு கொடுத்தவர் கையெழுத்திட்ட சான்று தேவை. விடுதியில் கேட்டால் மறுபேச்சில்லாமல் கிடைக்கும். வேகேயில் உள்வாடகைக்கு விடும் சிலர், “அறை தருகிறேன், ஆனால் பதிவு வேண்டாம்” என்பார்கள். அறை எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை விட்டுவிடுங்கள். விசா நீட்டிப்பு, வரி எண் என்று பின்னால் வருகிற பலவற்றுக்கும் அந்தப் பதிவுதான் அடிப்படை. அறையைப் பார்க்கும் முன்பே முன்பணம் கேட்கிறவரிடமும் பேச்சை அதோடு முடித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் சமையலறை. வித்தியாசம் இங்கேதான் கிடக்கிறது. விடுதிகள் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. குளியலறையும் சிறு அடுப்பும் உள்ளேயே இருக்கும் தனி அறை ஒரு வகை. நீளமான தாழ்வாரத்தில் பல அறைகள், எல்லோருக்கும் சேர்த்து ஒரு சமையலறை என்பது இன்னொரு வகை. நம் வீடுகளில் எல்லோரும் முதல் வகையைத்தான் விரும்புவார்கள். ஒரு செமஸ்டருக்கு அதுதான் மோசமான தேர்வு என்று நினைக்கிறேன். நவம்பரில் மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடும். கதவைச் சாத்தினால் மறுநாள் வகுப்பு வரை யார் முகத்தையும் பார்க்காமலே இருந்துவிடலாம். தாழ்வாரச் சமையலறையில் அப்படி முடியாது. அடுப்பு காலியாகட்டும் என்று நாம் காத்திருக்கும் நேரத்திலேயே பக்கத்து அறைக்காரர் பழக்கமாகிவிடுவார். ஒன்று மட்டும் கவனம்: தாளிக்கும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள். மிளகாய் கருகினால் புகை எச்சரிக்கைக் கருவி அலறும். சில விடுதிகளில் அது நேராகத் தீயணைப்பு நிலையத்தோடு இணைக்கப்பட்டிருக்கும்; வண்டி வந்துவிட்டால் அந்தச் செலவு நம் தலையில் விழலாம்.

வேகேயின் சமையலறை வேறு உலகம். குளிர்சாதனப் பெட்டியில் ஆளுக்கு ஒரு தட்டு. கதவில் யார் எந்த வாரம் குளியலறை கழுவ வேண்டும், யார் குப்பையை இறக்க வேண்டும் என்ற அட்டவணை. மக்கும் குப்பை ஒரு தொட்டி, காகிதம் ஒன்று, பொட்டலக் கழிவுக்கு மஞ்சள் தொட்டி. இதையெல்லாம் விடுதியின் அறிவிப்புப் பலகையில் படிப்பதற்கும், கூட இருப்பவர் தயிர் டப்பாவின் மூடியைக் கிழித்துத் தனியே போடுவதைப் பார்த்துக் கற்பதற்கும் வித்தியாசம் உண்டு. மொழியும் அப்படித்தான் வரும். விடுதியில் பாதிப்பேர் நம்மைப் போல வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள். பேச்சு ஆங்கிலத்திலேயே ஓடிவிடும்.

ஆனால் வேகேக்குள் நுழைவது லேசில்லை. அங்கே இருப்பவர்கள் தேடுவது வாடகையைப் பகிர ஒருவரை மட்டுமல்ல, கூட வாழவும் ஒருவரை. நேரிலோ வீடியோவிலோ அரைமணி நேரம் பேசுவார்கள்: சேர்ந்து சமைப்பீர்களா, எவ்வளவு சுத்தம் பார்ப்பீர்கள், ராத்திரி நண்பர்கள் வருவார்களா என்று. ஒரே கடிதத்தை எல்லோருக்கும் அனுப்பினால் பதில் வருவது சந்தேகம். விளம்பரத்தை முழுதாகப் படித்து, அதில் ஏதாவது ஒன்றைத் தொட்டு நாலு வரி எழுதுங்கள். வீடு மட்டும் பொது, உறவு இல்லை என்கிற வேகேக்களும் உண்டு. அவை விளம்பரத்திலேயே தெரிந்துவிடும்.

பணக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பொதுவாக விடுதிதான் மலிவு, அதுவும் மியூனிக் போன்ற நகரத்தில் வெகுவாக மலிவு. வாடகை வீட்டுக்கு முன்பணமாக அதிகபட்சம் மூன்று மாத அடிப்படை வாடகைதான் (வெப்பமூட்டல், தண்ணீர் போன்ற செலவுகள் சேராத வாடகை) கேட்கலாம், அதற்கு மேல் சட்டம் விடாது. பொது வானொலி, தொலைக்காட்சிக்கான ஒலிபரப்புக் கட்டணம் மாதம் 18.36 யூரோ, அது வீட்டுக்கு ஒன்று. வேகேயில் பங்கு பிரித்துக்கொள்ளலாம், தனி அறைக்காரர் முழுதும் கட்ட வேண்டியிருக்கும்.

மூன்றாவது வழி ஒன்றையும் நம் பிள்ளைகள் நிறையப் பேர் தேர்ந்தெடுக்கிறார்கள்: ஏற்கெனவே அங்கே படிக்கும் தமிழ் நண்பர்களோடு சேர்ந்து தங்குவது. சாம்பார் கிடைக்கும், காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துத் தர ஆள் இருக்கும். இரண்டு வருட முதுநிலைப் படிப்புக்குப் போகிறவர்களுக்கு அது பெரிய பலம், குறை சொல்ல மாட்டேன். ஒரு செமஸ்டருக்கு மட்டும் போகிறவர் அதற்குள் அடங்கிவிடக் கூடாது. அந்த நண்பர்களை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அன்று பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், சேர்ந்து சமைக்கத் தோதான நாள்.

கிறிஸ்துமஸையும் யோசித்துக்கொள்ள வேண்டும். வேகே தோழர்கள் பெற்றோர் வீட்டுக்குப் போய்விடுவார்கள், வீடு வெறிச்சோடும். விடுதியில் ஊருக்குப் போக முடியாத மற்ற நாட்டு மாணவர்கள் துணைக்கு இருப்பார்கள்.

சரி, எதை எடுப்பது? ஜெர்மன் மொழியில் தட்டுத் தடுமாறியாவது பேச முடியும் என்றால் வேகேதான். இல்லையென்றால் தாழ்வாரச் சமையலறை உள்ள விடுதி. பல்கலைக்கழகத்தில் இடம் உறுதியானதுமே, பரிமாற்ற மாணவர்களுக்கு விடுதியில் தனி ஒதுக்கீடு உண்டா என்று அங்குள்ள வெளிநாட்டு மாணவர் பிரிவிடம் கேட்டு விண்ணப்பித்துவிடுங்கள். பல நகரங்களில் பொதுக் காத்திருப்புப் பட்டியல் ஒரு செமஸ்டரைவிட நீளம். கூடவே உள்வாடகை அறைகளையும் தேடுங்கள்: தாங்களே ஒரு செமஸ்டர் வெளிநாடு போகும் ஜெர்மன் மாணவர்கள், கட்டில் மேசையோடு அறையை அந்த மாதங்களுக்கு மட்டும் விடுவார்கள். உங்கள் தேதியும் அவர்கள் தேதியும் பெரும்பாலும் ஒத்துப்போகும். வீட்டு உரிமையாளரின் சம்மதம் எழுத்தில் இருக்கிறதா என்று மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.