படகா, புரதமா?

காசிமேட்டில் அக்கா மகன் கைப்பேசியை எடுத்தாலே வீட்டில் சண்டைதான். "இந்த விளையாட்டால் என்ன பயன்?" என்று அக்கா கேட்கும்போதெல்லாம் எனக்கு இரண்டு வீடியோ கேம்கள் நினைவுக்கு வருகின்றன.

ஒன்று, 2008இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பிறந்த 'ஃபோல்டிட்'. புரதச் சங்கிலியைத் திரையில் இழுத்து, முறுக்கி, சரியாக மடிக்க வேண்டும். ஒரு குரங்கு வைரஸின் நொதி அமைப்பு விஞ்ஞானிகளுக்குப் பல ஆண்டுகள் பிடிபடவில்லை; 2011இல் விளையாட்டாளர்கள் சில வாரங்களில் அவிழ்த்துவிட்டார்கள். ஆனால் கணினி வேண்டும். பொறுமை அதைவிட அதிகம் வேண்டும்.

மற்றது, 2016இல் வந்த 'சீ ஹீரோ குவெஸ்ட்'. வரைபடத்தை மனத்தில் பதித்துக்கொண்டு, அது மறைந்தபின் மிதவைகளின் வரிசைப்படி படகை ஓட்ட வேண்டும். திசை தடுமாறுவது அல்சைமரின் தொடக்க அறிகுறிகளில் ஒன்று என்பதால் மறதிநோய் ஆய்வுக்காக உருவாக்கியது. கைப்பேசியிலேயே 40 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஆடினார்கள். கட்டம் போட்டதுபோன்ற தெருக்களுள்ள நகரங்களில் வளர்ந்தவர்களுக்கு வழி கண்டறியும் திறன் சற்றுக் குறைவு என்று 2022இல் அந்தத் தரவு காட்டியது. ஜார்ஜ் டவுனின் நேர்த்தெருவில் வளர்ந்த என்னை, காசிமேட்டுச் சந்துகளில் ஓடித்திரிந்த மாமா கேலி செய்வது நியாயம்தானோ!

படகு விளையாட்டில் ஆடுபவரே ஆய்வுப்பொருள். ஃபோல்டிட்டில் அவர் ஆய்வாளர். என் ஓட்டு ஃபோல்டிட்டுக்குத்தான். அக்காவிடம் மட்டும் படகுக் கதையைச் சொன்னேன். கடலோரக்காரி, உடனே புரிந்துகொண்டாள். கணினி வாங்கும் பேச்சை இன்னும் எடுக்கவில்லை.