பனியில் கருகாத கொண்டை: ரோஜாவா, பட்டாணியா?

கனடாவின் கியூபெக் பக்கம் குளிர்காலத்தில் மைனஸ் 20 டிகிரி புதிதல்ல. கத்திப்பூ (ஒற்றை வரிசையாகப் பல் பல்லாக நிற்கும் கொண்டை) சேவலுக்கு அங்கே முதலில் அடிபடுவது கொண்டையின் பல் நுனிகள். வெளிறும், கறுக்கும், காய்ந்து உதிரும். அடிபட்ட சேவலின் கருவளமும் கொஞ்ச காலம் படுத்துவிடும்.

ரோஜாக் கொண்டைக்கு வையண்டாட் என்ற கோழி இனம் நல்ல உதாரணம். கொண்டை தலையோடு படிந்திருக்கும், ஆனால் தாடி (அலகின் கீழ் தொங்கும் சதை) அவ்வளவாகச் சிறுக்காது. அதைவிடப் பெரிய தொல்லை, ரோஜாக் கொண்டையைத் தரும் R மரபணு இரண்டும் உள்ள (RR) சேவலின் விந்தணு மந்தமாக நீந்துவதுதான். கூமுட்டை கூடும். R ஒன்று மட்டும் உள்ள Rr சேவலுக்கு இந்தக் குறை இல்லை. பெட்டைக்கும் இல்லை. அதனால் வளர்க்கிறவர்கள் தெரிந்தோ தெரியாமலோ Rr சேவலையே தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். வையண்டாட் குஞ்சுகளில் அவ்வப்போது கத்திப்பூ தலைகாட்டுவது இதனால்தான். அப்படிப் பிறந்த பெட்டையைக் கழிக்காதீர்கள். அவளுக்குப் பிறக்கும் ரோஜாப்பூ மகன் ஒவ்வொன்றும் சந்தேகமில்லாமல் Rr. அவனை RR பெட்டைகளோடு விட்டால் குஞ்சுகள் எல்லாம் ரோஜாதான். சேவல் RRதானா என்று பார்க்க, கத்திப்பூ பெட்டைகளோடு சேர்த்து ஏழு குஞ்சு எடுங்கள். ஒன்றுகூடக் கத்திப்பூ இல்லையென்றால், அவன் அநேகமாக RRதான்; Rr சேவலுக்கு அப்படி நேர வாய்ப்பு 128-இல் 1தான்.

பட்டாணிக் கொண்டை (பக்-ஐ, பிரம்மா இனங்களில் உள்ளது) மூன்று சிறு வரிசை. தாடியையும் சேர்த்துச் சுருக்கிவிடும், கருவளத்தில் கை வைக்காது. இதைத் தரும் P மரபணு ஒன்று மட்டும் உள்ள பறவைக்குப் பெரும்பாலும் நடு வரிசை சற்றுத் தூக்கலாக நிற்கும். அதனால் கலப்புப் பறவையைக் கண்ணாலேயே ஓரளவு பிரிக்கலாம். புதிதாகத் தொடங்குகிறவருக்கு இதுவே என் தேர்வு.

இரண்டு கொண்டைகளையும் சேர்த்த இனம்தான் ஷான்டெக்லேர். கியூபெக்கின் ஓகா மடத்துத் துறவி வில்ஃப்ரிட் ஷாத்லேன் 1907-08 வாக்கில் தொடங்கி உருவாக்கியது. ரோஜா வையண்டாட்டிலிருந்தும் பட்டாணி கார்னிஷ் இனத்திலிருந்தும் வந்தன (கார்னிஷின் உடம்பில் ஓடுவது நம் அசில் சண்டைக்கோழி ரத்தம்). பலன், நெற்றியில் ஒட்டிய மெத்தைக் கொண்டை, பெயருக்கு ஒரு தாடி. குளிருக்கு இதை அடிக்க ஆளில்லை. ஆனால் R, P இரண்டையும் நிலைநிறுத்த வேண்டும். இரண்டிலும் கலப்பான (RrPp) ஜோடியைச் சேர்த்தால் 16 குஞ்சுக்கு 9 மட்டுமே சேர்ந்த கொண்டையோடு வரும். 3 ரோஜா, 3 பட்டாணி, 1 கத்திப்பூ.

எந்தக் கொண்டையானாலும், மூச்சும் எச்சமும் விடும் ஈரம் வெளியேறாத கூண்டில் கருகத்தான் செய்யும். கோழி அடையும் கட்டைக்கு மேலே காற்று வழி வையுங்கள். அகலத் தொட்டியில் குடித்தால் தாடி நனைந்து உறையும், கொத்தினால் சொட்டும் நிப்பிள் குழாய் நல்லது.